கல்யாண ரிசப்ஷன்: மேசை எத்தனை போடணும்? அலங்காரம் எப்படி செய்யணும்? தருமபுரி மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

"சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா உட்கார இடம்தான் கிடைக்கல." கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவர்கள் இப்படிச் சொன்னால், லட்சக்கணக்கில் செலவு செய்த குடும்பத்துக்கு மனசு கஷ்டமாகிவிடும். மேடைக்கும் லைட்டுக்கும் காட்டும் அக்கறையை மேசைக்குக் காட்டாததுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

தருமபுரி மாவட்டத்தில் முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்பது பரவலான வழக்கம். வரவேற்புக்கு எந்த மேசை, எத்தனை மேசை, அலங்காரத்துக்கு என்ன பூ, எதற்கெல்லாம் தடை? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை மேசை தேவை?

பக்கத்தில் இருப்பவர் மீது கை இடிக்காமல் சாப்பிட ஒருவருக்கு சுமார் 2 அடி அகலம் வேண்டும். அப்படியென்றால் 6 அடி நீள மேசைக்கு 3 பேர்தான் வசதி. நாலாவது ஆளை நெருக்கி உட்கார வைத்தால் இலையும் இலையும் முட்டிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டாக, 600 பேர் வரும் வரவேற்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பந்தி முடிந்து, இலை எடுத்து, மேசை துடைத்து அடுத்த பந்தி உட்கார 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால்:

100 இருக்கைகள்: 6 பந்தி, 4 மணி நேரம்
150 இருக்கைகள்: 4 பந்தி, 2 மணி 40 நிமிடம்

மாலை 6.30 மணிக்குப் பந்தி தொடங்கினால், முதல் கணக்கில் இரவு 10.30 ஆகிவிடும். இரண்டாவது கணக்கில் 9.10க்கே முடிந்துவிடும். பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து கிராமங்களில் இருந்து வருபவர்களுக்கு இந்த வித்தியாசம், கடைசி பஸ் கிடைக்குமா கிடைக்காதா என்கிற விஷயம். இதற்குத் தேவைப்படுவது கூடுதலாக 17 மேசைகள் மட்டுமே. மண்டபத்தில் இல்லையென்றால் வாடகைப் பாத்திரக் கடைகளில் எடுத்துக்கொள்ளலாம்.

நீள மேசையா, வட்ட மேசையா?

இலை போட்டுப் பரிமாறுவதாக இருந்தால் நீள மேசைதான் சரி. ஒரு பக்கம் விருந்தினர் உட்கார, எதிர்ப்பக்கம் பரிமாறுபவர் வாளியோடு நடந்து போகலாம். மேசை ஒன்றரை அடிக்குக் குறைவான அகலத்தில் இருந்தால் இலையின் ஓரம் தொங்கி, ரசம் மடியில் வழியும்.

வட்ட மேசை பார்க்க அழகாக இருக்கும். 5 அடி விட்டம் கொண்ட மேசையில் 8 பேர் உட்காரலாம். ஆனால், பரிமாறுபவர் தோளுக்குப் பின்னால் இருந்து எட்டித்தான் ஊற்ற வேண்டும். இடமும் அதிகம் பிடிக்கும். எனவே இது பஃபே முறைக்கே பொருந்தும். பஃபே வைத்தாலும், தட்டைக் கையில் பிடித்து நிற்க முடியாத பெரியவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் இரண்டு வரிசை மேசை போட்டே ஆக வேண்டும்.

வரிசைகளுக்கு இடையே குறைந்தது 3 அடி விடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அந்த இடம் உதவும். கை கழுவும் இடத்துக்கு அருகிலேயே பெரியவர்களுக்கான வரிசையை ஒதுக்குவது நல்லது.

மேசை விரிப்பு: இதைக் கவனிக்காவிட்டால் சிக்கல்

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை அமலில் உள்ளது. சாப்பாட்டு மேசை மீது விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டு, பேப்பர் கப், பிளாஸ்டிக் டம்ளர், தண்ணீர் பாக்கெட் ஆகியவை இந்தப் பட்டியலில் வருகின்றன.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் வந்த தடையில் அலங்காரத் தெர்மாகோல், பலூன் பிளாஸ்டிக் குச்சி, 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர் ஆகியவையும் சேர்ந்துள்ளன. அதாவது, மணமக்கள் பெயரைத் தெர்மாகோலில் வெட்டி மேடையில் ஒட்டுவதும் தடைதான்.

மேசைக்குச் சாதாரண வெள்ளை பேப்பர் ரோல் போதும். வாங்கும்போது ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் படலம் தனியாக உரிந்து வந்தால், அது பூச்சு கொடுத்த தாள், வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளரை வாடகைக்கு எடுத்தால் குப்பையும் குறையும்.

என்ன பூ வைக்கலாம்?

சாமந்தி, குண்டுமல்லி, சம்பங்கி, கனகாம்பரம் எல்லாம் தருமபுரி மாவட்டத்திலேயே விளைகின்றன. ரோஜா, ஜெர்பரா வேண்டுமென்றால் பக்கத்திலேயே ஓசூர் இருக்கிறது. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களில் பூ விலை எகிறிவிடும் என்பதால், விவசாயியிடமோ வியாபாரியிடமோ முன்கூட்டியே சொல்லி வைப்பது லாபம்.

சாமந்தி: சீக்கிரம் வாடாது. மாலை வரவேற்புக்கு வைத்தது மறுநாள் முகூர்த்தத்துக்கும் தாங்கும்.

குண்டுமல்லி: மொட்டாக வாங்கினால் மாலையில் விரியும். வரவேற்பு மேசையில் தட்டில் வைக்க ஏற்றது.

சம்பங்கி: வாசனை தூக்கலாக இருக்கும். மேடைக்கு ஓகே, சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம்.

சாப்பாட்டு மேசையில் அலங்காரம் குறைவாக இருப்பதே நல்லது. இலைக்கும் தண்ணீருக்குமே இடம் சரியாக இருக்கும். துணி ஃப்ரில் கட்டிய மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதைத் தவிருங்கள். மின்விசிறிக் காற்றில் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

வரவேற்பு மேசை, மொய் மேசை

சந்தனம், குங்குமம், கல்கண்டு, பன்னீர் சொம்பு வைக்கும் மேசையில்தான் அலங்காரத்தைக் காட்ட வேண்டும். நம்ம ஊர் கேழ்வரகுக் கதிரையும் சாமந்தியையும் பித்தளைக் குடத்தில் வைத்தாலே மேசை களைகட்டும். வாசலை அடைக்காமல் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

மொய் மேசையைச் சாப்பாட்டுக் கூடத்தின் நெரிசலில் வைக்காமல், வெளிச்சமான இடத்தில் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். எழுத ஒருவர், பணத்தை எண்ணி வைக்க ஒருவர் என இருவர் இருந்தால் கணக்கில் குழப்பம் வராது.

மண்டபம் பேசும்போதே கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடலாம்?
2. மேசையின் நீளம், அகலம் என்ன? ஆடும் மேசைகள் எத்தனை?
3. கூடுதல் மேசைக்குத் தனி வாடகையா?
4. முதல் நாள் எத்தனை மணிக்கு அலங்கார வேலையைத் தொடங்கலாம்?

இந்த நான்குக்கும் பதில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுத்தால், கல்யாணத்தன்று மேசைக்காக அலைய வேண்டியிருக்காது.