காயக்கட்டு வெறும் மூடுதுணியன்று

புண்ணைத் திறந்துவிட்டு உலரவைத்தால் விரைவில் ஆறிவிடும் என்ற நம்பிக்கை எம்மவர் மத்தியில் இன்றும் நிலவுகிறது. இது தவறென்பதை ஜோர்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் 1962 இலேயே எடுத்துக்காட்டினார். பன்றிகளின் மேலோட்டமான காயங்களைப் பொலித்தீன் படலத்தால் மூடி ஈரலிப்பாக வைத்தபோது, திறந்த காயங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் புதிய மேற்றோல் படர்ந்தது.

1981 இல் அமெரிக்காவின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் பேர்க், பொறியியலாளர் அயோனிஸ் யன்னாஸ் ஆகியோர் மற்றொரு படி முன்சென்றனர். மாட்டுக் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து பெற்ற பொருளையும் கொண்டு நுண்துளைகளுள்ள செயற்கைத் தோலை உருவாக்கிக் கடுந்தீக்காயமுற்றோருக்குப் பொருத்தினர். நோயாளியின் சொந்தக் கலங்கள் அத்துளைகளில் குடியேறிப் புதிய உட்தோலை அமைத்தன.

காயம் ஏற்பட்டதும் நோயெதிர்ப்புக் கலங்கள் முதலில் அழற்சியைத் தூண்டிக் கிருமிகளையும் இறந்த இழையங்களையும் அகற்றுகின்றன. பின்னர் அவற்றுட் பல தமது இயல்பை மாற்றிக்கொண்டு புதிய இழையம் வளரத் துணைபுரிகின்றன. நீரிழிவு நோயாளரின் புண்களில் இம்மாற்றம் தடைப்படுகிறது. அழற்சி நீடிக்க, ஈற்றில் காலையே இழக்கும் அவலமும் நேர்கிறது. எனவேதான் துளையின் பருமன், மென்மை, கரையும் வேகம் ஆகியவற்றை மாற்றியமைத்து அக்கலங்களை நெறிப்படுத்தும் காயக்கட்டுகளை விஞ்ஞானிகள் நாடுகின்றனர்.

கலிபோர்னியா, டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. மெதுவாகக் கரையும் என எதிர்பார்த்து அவர்கள் வடிவமைத்த ஜெல்லை எலிகளின் நோயெதிர்ப்புத் தொகுதி அடையாளங்கண்டு விரைவாகவே சிதைத்தது. ஆயினும் தோல் வலிமையுற்றதுடன் மயிர்க்கால்களும் மீளத் தோன்றின. அத்தொகுதி குறைபாடுற்ற எலிகளில் அப்பயன் கிட்டவில்லை. எதிர்ப்பை அடக்குவது மட்டுமே வழியன்று; அதனைத் தக்கவாறு தூண்டுவதும் குணமாக்கலாம் என்பதே இதன் பாடம்.

எனினும் எலியின் தோல் பெரிதும் சுருங்கியே ஆறுவதால், அம்முடிவுகளை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. மேலும், மாடு, பன்றி ஆகியவற்றிலிருந்து பெறும் பொருட்களும் சில காயக்கட்டுகளில் பயன்படுகின்றன. அவற்றின் மூலத்தை நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது வைத்தியர்களின் கடமையாகும். கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேற் போன்ற மாற்றுகளும் உள்ளன.

எவ்வளவு சிறந்த காயக்கட்டாயினும் குருதியில் சீனியின் அளவைக் கட்டுப்படுத்தாமலும், புண்பட்ட பாதத்தின் மீதான அழுத்தத்தைக் குறைக்காமலும் முழுப்பயன் தராது. நீரிழிவுள்ளோர் நாள்தோறும் தம் பாதங்களைப் பரிசோதிப்பதும், சிறு புண்ணுக்கும் தாமதியாது வைத்தியரை நாடுவதும் அவசியம் என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.