நவாபின் நகரும் நமது மஹல்லாவும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருநாமம் போற்றித் தொடங்குகின்றோம்.



ஒவ்வோர் ஆண்டும் இம்மலரில் வரவு செலவுக் கணக்கையும், மத்ரஸாவின் தேர்ச்சி விவரத்தையும், மறைந்தோர் பட்டியலையும் வெளியிட்டு வருகின்றோம். இவ்வாண்டு அவற்றோடு திருவல்லிக்கேணியில் நாம் வாழ்ந்து வந்த வரலாற்றையும் சுருக்கமாகப் பதிவு செய்ய விரும்பினோம். இதற்காகச் சில மாதங்களாக அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பள்ளியின் முன்றிலில் முதியவர்களோடு அமர்ந்து உரையாடினோம். தாய்மார்களின் நினைவுகளை அவரவர் இல்லத்தில் பிள்ளைகள் வாயிலாகக் கேட்டு எழுதிக்கொண்டோம். நூல்கள் வாயிலாக நாம் அறிந்த செய்திகளும், பெரியோர் சொன்ன செய்திகளும் இங்கே சேர்ந்து அமைகின்றன.

நவாபின் வருகை

கர்நாடக நவாப் முஹம்மது அலீ வாலாஜா அவர்கள் ஆர்க்காட்டை விட்டுச் சென்னையில் குடியேறி, 1768-ஆம் ஆண்டில் சேப்பாக்கம் அரண்மனையைக் கட்டி முடித்தார். நவாப் வந்தபோது அவரோடு படைவீரர்கள், எழுத்தர்கள், ஆலிம்கள், ஹகீம்கள், கைவினைஞர்கள், சமையற்காரர்கள் எனப் பெருங்கூட்டம் வந்தது. அரண்மனையை ஒட்டிய திருவல்லிக்கேணியிலும் இராயப்பேட்டையிலும் அவர்கள் குடியமர்ந்தனர். பல்லவர் காலத்துப் பெருமை வாய்ந்த பார்த்தசாரதி கோயிலைச் சூழ்ந்திருந்த ஊரில் உருது பேசும் தெருக்கள் தோன்றியது இவ்வாறுதான். மீர்சாகிப் பேட்டை, ஜாம் பஜார், வாலாஜா சாலை என்னும் பெயர்கள் அக்காலத்தை இன்றும் நினைவூட்டுகின்றன.

1795-இல் எழுந்தது வாலாஜா பெரிய பள்ளிவாசல். மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லாலேயே கட்டப்பட்டது அது என்பதை நம் பிள்ளைகள் அறிவார்கள். ஆனால் அப்பள்ளியின் ஆண்டைக் குறிக்கும் பாரசீகப் பாடலை இயற்றியவர் மக்கன் லால் கிராத் என்னும் இந்து அறிஞர் என்பதைப் பலர் அறியார். நவாபின் செயலாளராக விளங்கிய அவர், எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வருமாறு அப்பாடலை அமைத்தார். அது கல்லில் பொறிக்கப்பெற்றுப் பள்ளியின் உள்ளேயே இடம்பெற்றது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூரில் மக்கள் எவ்வாறு பழகினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆதரவு நீங்கிய காலம்

நவாபின் செல்வாக்கு நெடுநாள் நிலைக்கவில்லை. போர்களால் சேர்ந்த கடன் சுமை ஒருபுறம். கும்பினியாரின் பிடி மறுபுறம். 1801-இல் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் கும்பினியாரிடம் சென்றது. 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் அவர்கள் ஆண் வாரிசு இன்றி மறைந்ததும் நவாப் என்னும் பதவியே நீக்கப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனை அரசின் கைக்குப் போயிற்று. பின்னர் அக்குடும்பத்தார்க்கு ஆர்க்காடு இளவரசர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. 1876 முதல் அவர்கள் இராயப்பேட்டை அமீர் மஹாலில் வாழ்ந்து வருகின்றனர்.

அரண்மனையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அதன்பின் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் மஹல்லாக்கள் அழிந்துவிடவில்லை. அதுவரை நவாபின் கொடையால் எரிந்த பள்ளி விளக்குகள் அதன்பின் மக்களின் சந்தாவால் எரிந்தன. தையல், புத்தகக் கட்டு, அத்தர், தோல் வணிகம் எனப் பலரும் தொழில்களை நாடினர். தென் மாவட்டங்களிலிருந்து வாணிபத்திற்காக வந்த தமிழ் பேசும் நம் சகோதரர்கள் இங்கே குடியேறினர். உருது பயான் மட்டுமே ஒலித்த பள்ளிகளில் தமிழ் பயானும் ஒலிக்கத் தொடங்கிற்று. எனவே, ‘ஆதிமுதல் இங்கிருந்தவர், பின்னால் வந்தவர்’ என்று பிரித்துப் பேசுவதற்கு நம் வரலாற்றில் இடமில்லை. ஏதோ ஒரு காலத்தில் வந்தவர்களே நாம் அனைவரும்.

முதியோர் சொன்னவை

எமது உரையாடல்களில் தண்ணீரைப் பற்றிய பேச்சே முதலிடம் பெற்றது. முன்னர்ப் பெரும்பாலான வீடுகளின் முற்றத்தில் கிணறு இருந்தது. பின்னர் அடிபம்பு வந்தது. அதன்பின் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்திருக்கும் காலமும் வந்தது. 2003-ஆம் ஆண்டு வறட்சியில் பள்ளியிலேயே ஒளுவுக்குத் தண்ணீரை அளந்து பயன்படுத்த நேர்ந்ததை அனைவரும் நினைவுகூர்ந்தனர். அவ்வாண்டில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 2004-இல் வீராணம் ஏரி நீர் சென்னைக்கு வந்தது.

பக்கிங்காம் கால்வாயில் விறகுப் படகுகள் வந்ததைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். 1960-களுக்குப் பின் படகுகள் அருகின. 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை பறக்கும் இரயில் ஓடத் தொடங்கியது. 1997-இல் அது மயிலாப்பூருக்கு நீண்டது. கால்வாயின் மேலேயே தூண்கள் எழுந்தன. பயணம் எளிதாயிற்று என்பது உண்மை. கால்வாய் நெருக்கப்பட்டதும் உண்மை.

முற்றம் வைத்த வீடுகள் பாகப்பிரிவினையால் பிளவுண்டன. சில வீடுகள் வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்கள் தங்கும் மேன்ஷன்களாயின. சில, அடுக்கு வீடுகளாயின. அண்ணன் தம்பியர் நால்வர் வாழ்ந்த வீட்டை விற்றால் கிடைக்கும் பங்கில் இங்கே ஓர் அறைகூட வாங்க இயலவில்லை. ஆகவே பல்லாவரம், தாம்பரம், பூந்தமல்லி எனப் புறநகர்களுக்குப் பலர் சென்றுவிட்டனர். “பெருநாள் தொழுகைக்கு வருகிறார்கள், ஜனாஸாவுக்கு வருகிறார்கள், நடுவில் உள்ள நாட்களில் யாரைப் பார்த்து நான் ஸலாம் சொல்வேன்?” என்று எண்பது வயதைக் கடந்த ஒரு பெரியவர் கேட்டார். அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை.

எனினும், எல்லாம் தேய்ந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. மூதாட்டி ஒருவர் அக்கருத்தை வன்மையாக மறுத்தார். தம் தாயார் குர்ஆன் ஓதுவதோடு நிறுத்தப்பட்டதாகவும், தாம் எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டதாகவும், தம் பேத்தி பட்டம் பெற்று ஆசிரியை ஆகியிருப்பதாகவும் கூறி, “பழைய காலம் ஆண்களுக்கு நன்றாக இருந்திருக்கலாம்” என்றார். 1955-இல் தேனாம்பேட்டையில் நீதியரசர் பஷீர் அஹ்மத் சயீத் அவர்களின் முயற்சியால் தோன்றிய மகளிர் கல்லூரியும், 1974-இல் அண்ணா சாலையில் தொடங்கப்பெற்ற காயிதே மில்லத் அரசு மகளிர் கல்லூரியும் நம் இல்லங்களில் செய்த மாற்றத்தை எண்ணினால் அம்மூதாட்டியின் சொல்லில் உள்ள நியாயம் விளங்கும்.

அண்டை அயலாரோடு உள்ள உறவும் மாறாமல் நின்றிருக்கிறது. ரமளானில் கஞ்சிக்காகப் பாத்திரத்தோடு நிற்கும் வரிசையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் நிற்பது நம் தெருக்களின் பழைய வழக்கம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை மெரீனா ஓரக் குப்பங்களைத் தாக்கியபோதும், 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும் சென்னையின் பள்ளிவாசல்கள் கேட்டுப் பாராமல் கதவுகளைத் திறந்தன. சமையல் தேக்சாக்கள் இரவு பகலாக அடுப்பிலிருந்தன.

இனி நாம் செய்ய வேண்டுவது

இந்த வரலாற்றை எழுத முனைந்தபோது ஒரு குறையைக் கண்டு வருந்தினோம். நமது பள்ளியின் பழைய நிக்காஹ் பதிவேடுகளும் மையவாடிக் குறிப்புகளும் உருதுவில் எழுதப்பட்டவை. இடையிடையே பாரசீகமும் சில பக்கங்களில் அரபுத் தமிழும் உண்டு. தாள்கள் நொறுங்கத் தொடங்கிவிட்டன. அவற்றைத் தடையின்றி வாசிக்கத் தெரிந்தவர் நம்மில் இருவரே இருந்தனர். அவர்களுள் ஒருவர் சென்ற ஆண்டு வஃபாத்தாகிவிட்டார். எஞ்சியுள்ள பெரியவருக்குப் பார்வை மங்கி வருகின்றது. யாருடைய பாட்டனார் எங்கிருந்து வந்தார், எந்தத் தொழில் செய்தார், எவர் சாட்சியாக மணமுடித்தார் என்னும் செய்திகள் யாவும் அப்பக்கங்களில் உள்ளன. நாம் தாமதித்தால் அவை பேசாமலே மறைந்துவிடும்.

ஆகவே நிர்வாகக் குழு மூன்று முடிவுகளை மேற்கொண்டுள்ளது. முதலாவது, மத்ரஸாவில் உருது எழுத்தறிந்த மாணவர் சிலர் அப்பெரியவரோடு அமர்ந்து, அவர் வாசிக்க இவர்கள் தமிழில் எழுதி, வரும் ரமளானுக்குள் பழைய ஏடுகளைப் படியெடுப்பது. இரண்டாவது, ஒவ்வொரு பக்கத்தையும் நிழற்படமாக்கிப் பாதுகாப்பது. மூன்றாவது, புறநகர் சென்ற குடும்பங்களின் பெயர்களை ஜமாஅத் பதிவேட்டிலிருந்து நீக்காமல், அவர்தம் இன்றைய முகவரியோடு தனிப்பகுதியாகத் தொடர்ந்து வைப்பது.

மூன்றாவது முடிவு குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்ததை மறைக்க விரும்பவில்லை. சந்தா செலுத்தாதவர்க்கு மையவாடியில் உரிமை எதற்கு என்று சிலர் வினவினர். அவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. மையவாடியின் இடமும் குறுகியதே. ஆனால் 1855-இல் அரண்மனையை இழந்த நம் முன்னோர் ஒருவரையொருவர் கைவிடாமையால்தான் இப்பள்ளி இன்று நிற்கின்றது. வாடகை தாங்காமல் சென்றவரை வேற்றாராக எண்ணுவது அவர்கள் வழியன்று. சென்றவர்களும் சந்தாவையும் தொடர்பையும் மறவாமல் இருத்தல் கடமையாகும்.

வீடுகளில் பழைய பத்திரங்களோ, திருமண அழைப்பிதழ்களோ, நிழற்படங்களோ வைத்திருப்போர் அலுவலகத்தில் காட்டிப் படியெடுக்க உதவுமாறு அன்புடன் வேண்டுகின்றோம். முதியோர் உள்ள இல்லத்தார் இன்றே அவர்கள் அருகில் அமர்ந்து கேட்பார்களாக.

நமக்கு முன் சென்றோரின் பிழைகளைப் பொறுத்து, அவர்தம் கப்ருகளை ஒளிமயமாக்கி, இம்மஹல்லாவை ஒற்றுமையோடு வாழச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.