எட்டும் நான்கும்

ஆங்கிலத்தில் சொல்வகை எட்டு என்று பள்ளி மாணவரும் ஒப்பிப்பர். பெயர், பதிலிடுபெயர், பெயரடை, வினை, வினையடை, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல், வியப்புச்சொல் என அவை விரியும். தமிழிலோ பெயர், வினை, இடை, உரி என நான்கே. ஆகவே நம் மொழியில் ஏதோ விடுபட்டுவிட்டதாகக் கருதுவோர் கற்றவரிடையேயும் உளர். அக்கருத்துப் பொருந்தாது என்பதை ஆங்கில இலக்கண வரலாறே உணர்த்தும்.

எட்டு என்னும் தொகை ஆங்கிலத்தில் பிறந்ததன்று. கிரேக்க மொழிக்கென வகுக்கப்பெற்று, அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த டயோனிசியசு திராக்சு என்பாரின் பெயரால் வழங்கும் நூலில் காணப்படுவது. அதில் பெயரடை தனிவகையன்று, பெயருள்ளேயே அடங்கியிருந்தது. கிரேக்கத்துக்குரிய ஆர்ட்டிகிள் என்னும் வகை இலத்தீனில் இல்லை. ஒன்று குறையவே, வியப்புச்சொல்லைத் தனிவகையாக்கி உரோமானியர் எட்டை நிறைவு செய்துகொண்டனர். எண்ணின்மீது அவர்க்கிருந்த பற்று நமக்கு முறுவல் தருவதே! 1586இல் வில்லியம் புல்லோகர் ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணத்தை அச்சிட்டபோது இலத்தீன் அச்சையே பின்பற்றினார். 1762இல் இராபர்ட் லௌத், பெயரடையையும் ஆர்ட்டிகிளையும் தனித்தனியே நிறுத்தி ஒன்பது என்றார். 1795இல் லிண்ட்லி மரேயும் ஒன்பதே கொண்டார். பின்வந்த பள்ளி நூல்கள் ஆர்ட்டிகிளைப் பெயரடையுள் அடக்கி மீண்டும் எட்டாக்கின. மொழி அதுவே, மாறியது கணக்கு.

இனி நம் பக்கம் வருவோம். ஆங்கிலத்துக்கு இலக்கணம் அச்சேறுவதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகள் முன்பே, இலத்தீன் இலக்கண மரபு தமிழைத் தொட்டுவிட்டது. அதுவும் நம் கடற்கரையில். 1546இல் இந்தியா வந்த போர்த்துக்கீசியரான அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றினார். இராமநாதபுரச் சீமையை அடுத்த வேம்பாரிலிருந்து 1548 அக்டோபரில் எழுதிய மடலில், தமிழுக்கு இலக்கணம் வகுக்கும் தம் முயற்சியைக் குறிப்பிடுகிறார். மறு ஆண்டில் மண்டபத்தை அடுத்த வேதாளையில் அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட, முத்துக்குளித்துறையின் தலைமைப் பொறுப்பும் அவர்மேல் விழுந்தது. அலைச்சலுக்கும் அச்சத்துக்கும் இடையே உருவான அவ்விலக்கணம் கையெழுத்துப் படியாக லிசுபனில் தங்கிப்போயிற்று. ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல்தான் வெளிவந்தது.

அவர் தொல்காப்பியம் கற்று எழுதியவரல்லர். இலத்தீன் இலக்கணத்தையும் தம் தாய்மொழி இலக்கணத்தையும் துணைக்கொண்டு, பரதவர் வாய்மொழியைக் கேட்டு எழுதியவர். அதற்காக அவரைக் குறைகூறுதல் முறையன்று. தம் கையிலுள்ள முழக்கோலால்தான் எவரும் அளப்பர். அம்முழக்கோலையே துணியின் இயல்பென்று பின்வந்தோர் மயங்கியதுதான் பிழை.

அம்மயக்கம் மிகுதியாகத் தாக்கியது உரிச்சொல்லை. அதனைப் பெயரடை என்று பொருத்திவிடுவோர் பலர். ‘நனி இன்பம்’ என்பதில் ‘நனி’ பெயரைத் தழுவுகிறது. ‘நனி மகிழ்ந்தான்’ என்பதில் வினையைத் தழுவுகிறது. பெயர், வினை இரண்டையும் சார்ந்து வரும் இச்சொல்லை ஆங்கிலத்தின் எந்த ஒரு பெட்டியில் அடைப்பது? ஆங்கிலத்தார் பெயருக்கு முன்னே தனிச்சொல்லாக நிறுத்துவதை நாம் ‘மதுரைக்கு’, ‘மதுரையில்’ எனப் பெயருக்குப் பின்னே உருபாக ஒட்டுகிறோம். அவர்கள் தனிச்சொல்லால் இணைப்பதை ‘உம்’ இணைத்துவிடுகிறது. இவ்விரண்டும் நமக்கு இடைச்சொல்லே. பெயரும் வினையுமே சொல், ஏனைய இரண்டும் அவற்றைச் சார்ந்து தோன்றுவன என்னும் தொல்காப்பியர் கொள்கை, எண்ணிக்கையைக் காட்டிலும் நுட்பமானது. பெயரடை போலத் தோன்றுவன திராவிட மொழிகளில் பெரும்பாலும் பண்புப்பெயர்களோ எச்சங்களோ ஆம் என்னும் கருத்தை, 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல்லும் ஏற்றுக்கொண்டார்.

‘நல்ல’ என்பதைப் பெயரடை என்று விடைத்தாளில் எழுதும் மாணவியருக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை. அருகில் ‘குறிப்புப் பெயரெச்சம்’ என்று எழுதித் திருப்பித் தருகிறேன்.