வதிவிட அனுமதி வேறு, வதிவிட உரிமை வேறு

தனிநபர் வருமான வரி அறவிடாத செல்வந்த நாடுகள் உலகில் சிலவே உள்ளன. அவற்றுள் எம்மவர்களுக்கு மிகவும் பரிச்சயமானது ஐக்கிய அரபு இராச்சியமாகும். கிழக்கிலும் மலையகத்திலும் வடமேற்கிலும் இருந்து அங்கு தொழில் தேடிச் சென்றோர் பல்லாயிரக்கணக்கானோர். முன்னர் டுபாய் என்றால் தொழில் என்றே நாம் பேசினோம். அண்மைக் காலமாக அங்கேயே குடியமர்வது பற்றியும் 'தங்க வீசா' பற்றியும் பேச்சு எழுந்துள்ளது. அந்நாட்டில் வதிவிட அனுமதி எவ்வாறு கிடைக்கின்றது, அது எதனைத் தருகின்றது, எதனைத் தருவதில்லை என்பவற்றைத் தெளிவாக அறிந்து வைத்திருப்பது அவசியமாகும்.

1971 டிசம்பர் 2 ஆம் திகதி உருவான இந்த இராச்சியம், எண்ணெய் வருமானத்தையும் வர்த்தகத்தையும் அரசாங்கக் கட்டணங்களையும் நம்பியே வளர்ந்தது. சம்பளத்தின் மீது அங்கு இன்றும் வரி இல்லை. ஆயினும் 'வரியே இல்லாத நாடு' என்ற கூற்று இப்போது பொருந்தாது. 2018 ஜனவரியில் 5 வீத பெறுமதி சேர் வரி நடைமுறைக்கு வந்தது. 2023 ஜூன் முதல் ஆரம்பிக்கும் நிதியாண்டுகளுக்கு, 375,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட வர்த்தக இலாபத்தின் மீது 9 வீத வரி விதிக்கப்படுகின்றது.

வதிவிட அனுமதிக்கான முதலாவது வாசல் தொழிலாகும். தொழில் வழங்குநரே நுழைவு அனுமதியைப் பெற்றுத் தருவார். அங்கு சென்றதும் குருதிப் பரிசோதனையும் மார்புக் கதிர்ப்படமும் எடுக்கப்படும். கைரேகை பதியப்பட்டு, எமிரேட்ஸ் அடையாள அட்டை வழங்கப்படும். முன்னர் கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட வீசாவின் இடத்தை 2022 முதல் இந்த அட்டையே வகிக்கின்றது. தனியார் துறைத் தொழிலாளியின் அனுமதி பொதுவாக இரண்டு வருடங்களுக்கானது. தொழில் முடிந்தால் அனுமதியும் இரத்தாகும். குறித்த சலுகைக் காலத்துக்குள் வேறு தொழில் தேட வேண்டும், அன்றேல் வெளியேற வேண்டும். ஆறு மாதங்களுக்கு மேல் தொடர்ச்சியாக நாட்டுக்கு வெளியே தங்கினாலும் சாதாரண வதிவிட வீசா வலுவிழந்துவிடும்.

தொழிலாளியின் வதிவிடத்தைத் தொழில் வழங்குநருடன் பிணைக்கும் இம்முறை 'கபாலா' எனப்படுகின்றது. இதனால் நேர்ந்த துன்பங்கள் எமது வாசகர்கள் அறியாதவையல்ல. 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழில் சட்டம், கடவுச்சீட்டைப் பறித்து வைப்பதையும் ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதையும் தடை செய்தது. எனினும் வீட்டுப் பணியாளர்கள் அச்சட்டத்தின் கீழ் வரமாட்டார்கள். அவர்களுக்கெனத் தனிச் சட்டம் ஒன்று உள்ளது. வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்லும் எமது சகோதரிகளும் அவர்களை அனுப்பும் குடும்பத்தினரும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாசல் பணமும் உயர் தகைமையுமாகும். 2019 இல் அறிமுகமாகி 2022 ஒக்டோபரில் விரிவாக்கப்பட்ட தங்க வீசா, பத்து வருடங்கள் வரையான வதிவிடத்தைத் தருகின்றது. குறைந்தது 20 இலட்சம் திர்ஹம், அதாவது சுமார் 5 இலட்சத்து 44 ஆயிரம் அமெரிக்க டொலர், பெறுமதியான அசையா ஆதனத்தை உடையவர் அதற்கு விண்ணப்பிக்கலாம். பட்டதாரித் தகைமையும் மாதம் 30 ஆயிரம் திர்ஹத்துக்குக் குறையாத சம்பளமும் உள்ள துறைசார் நிபுணர்களும், விஞ்ஞானிகள், மருத்துவர்கள், சிறந்த பெறுபேறு பெற்ற மாணவர்கள் முதலானோரும் தகுதி பெறலாம். இவ்வீசாவைப் பெற்றவருக்குத் தொழில் வழங்குநரின் பொறுப்பு தேவையில்லை. ஆறு மாத விதியும் அவரைக் கட்டுப்படுத்தாது. அவர் இறந்தாலும் அனுமதிக் காலம் முடியும்வரை குடும்பத்தினர் அங்கு தங்கலாம்.

இரு வாசல்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் உண்மை விளங்குகின்றது. இருபத்தைந்து வருடங்கள் கட்டட வேலை செய்தவர், அந்த உழைப்பின் பெயரால் அங்கு தங்கும் உரிமை எதனையும் சேர்த்துக்கொள்வதில்லை. அவர் கொண்டுவருவது சேவைக் காலப் பணிக்கொடை மட்டுமே. ஓய்வு பெற்றோருக்கான ஐந்து வருட வீசா ஒன்று உண்டெனினும், 10 இலட்சம் திர்ஹம் பெறுமதியான சொத்தோ சேமிப்போ, அன்றேல் உயர்ந்த மாத வருமானமோ அதற்குத் தேவை. நேற்று வீடு வாங்கியவருக்கோ பத்து வருடங்கள் வரை கிடைக்கலாம். அந்நாட்டின் சட்டம் அளவிடுவது வாழ்ந்த காலத்தையல்ல, வைத்திருக்கும் வசதியையே.

வரி விடயத்திலும் ஒரு தவறான எண்ணம் பரவியுள்ளது. வதிவிட வீசா கையிலிருந்தால் தாய்நாட்டு வரிக் கடப்பாடு நீங்கிவிடும் என்பதே அது. குடிவரவுச் சட்டப்படி வதிபவராக இருப்பதும் வரிச் சட்டப்படி வதிபவராக இருப்பதும் இரு வேறு விடயங்கள். 2023 மார்ச் முதல் நடைமுறையிலுள்ள விதிகளின்படி, பன்னிரண்டு மாதங்களுள் 183 நாட்கள் தங்கியவர் அங்கு வரி வதிவாளராகக் கருதப்படுவார். வதிவிட அனுமதியுடன் நிரந்தர இருப்பிடமோ தொழிலோ அங்கு உள்ளவருக்கு 90 நாட்கள் போதுமானது. தாய்நாடு ஒருவரை எவ்வாறு கருதுகின்றது என்பதைத் தீர்மானிப்பது தாய்நாட்டின் சட்டமேயாகும். வெளிநாட்டவரின் வங்கிக் கணக்கு விபரங்களைப் பிற நாடுகளுடன் பரிமாறும் சர்வதேச ஏற்பாட்டிலும் இந்த இராச்சியம் 2018 முதல் பங்கெடுத்து வருகின்றது.

பிரஜாவுரிமை இவை எல்லாவற்றுக்கும் அப்பாற்பட்டது. 2021 ஜனவரியில் செய்யப்பட்ட திருத்தம், முதலீட்டாளர்கள், மருத்துவர்கள், விஞ்ஞானிகள், கலைஞர்கள் ஆகியோருக்குப் பிரஜாவுரிமை வழங்க இடமளித்தது. ஆனால் அதற்கு எவரும் தாமாக விண்ணப்பிக்க முடியாது. ஆட்சியாளர் தரப்பின் பரிந்துரை வேண்டும். வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கு பிறக்கும் பிள்ளையும் வெளிநாட்டவரே.

அறியாமை உள்ள இடத்தில் மோசடிக்கும் வாய்ப்புண்டு. ஒரு இலட்சம் திர்ஹம் செலுத்தினால் இந்திய, பங்களாதேஷ் பிரஜைகளுக்கு வாழ்நாள் தங்க வீசா கிடைக்கும் என 2025 ஜூலையில் செய்தி பரவியது. அந்நாட்டின் குடிவரவு அதிகாரிகள் அதனை முற்றாக மறுத்தனர். தங்க வீசா விண்ணப்பங்கள் அரசாங்கத்தின் உத்தியோகபூர்வ வழிகளூடாக மட்டுமே ஏற்கப்படுகின்றன என்றும் தெளிவுபடுத்தினர். சுற்றுலா வீசாவில் சென்று 'பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று கூறும் முகவரையும் நம்பலாகாது. அனுமதியின்றித் தொழில் புரிவது அங்கு குற்றம். வீசாக் காலம் கடந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் தண்டமும் ஏறிக்கொண்டே போகும்.

வெளிநாட்டில் உழைப்பதையோ, வசதியுள்ளோர் அங்கு குடியமர்வதையோ நாம் குறை கூறவில்லை. எத்தனை வருடங்கள் என எழுதப்பட்டிருந்தாலும் அனுமதி என்பது முடிவுத் திகதியுள்ள ஓர் ஆவணமே என்பதைத்தான் நினைவூட்டுகின்றோம். ஆகவே அங்கு உழைக்கும் காலத்திலேயே ஊரில் ஒரு வீட்டையும், பிள்ளைகளின் கல்வியையும், முதுமைக்கான ஒரு சேமிப்பையும் உறுதி செய்துகொள்வதே எமது மக்களுக்குப் பாதுகாப்பானதாகும்.