கூட்டிலிருந்து கிளைக்கு: பினாங்கில் பறவைக்குஞ்சுகளும் ஒளிப்படக் கலையும்

பறவைகளை, அவற்றிலும் குறிப்பாகச் சிறகு முளைத்துவரும் குஞ்சுகளை, காலை இளவெயிலில் படமெடுப்பது இன்று பினாங்கில் பலரும் விரும்பி ஈடுபடும் பொழுதுபோக்காக இருப்பினும், எந்தப் பறவையை, எந்நேரத்தில், எவ்வளவு நெருங்கிப் படமெடுக்கலாம் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது கருவியின் ஆற்றலே ஆகும். கருவி வலுவற்றிருந்த காலத்தில் கூடே படமெடுப்பவரின் களமாக அமைந்தது. அது வலுப்பெற்ற பின்னரே கூட்டை விட்டு விலகி நிற்கும் ஒழுங்கு நடைமுறைக்கு வர இயன்றது.

1862இல் சிங்கப்பூருக்கு வந்த ஸ்காட்லாந்து ஒளிப்படக் கலைஞர் ஜான் தாம்சன், பினாங்கிலும் அதன் எதிர்க்கரையில் அமைந்த வெல்லஸ்லி மாகாணத்திலும், அதாவது இன்றைய செபராங் பிறையிலும், ஏறத்தாழப் பத்து மாதங்கள் தங்கிப் பணியாற்றினார். சென்னை மாகாணத்திலிருந்து வந்திருந்த இருவரைப் படங்களை அச்சிடவும் தமக்கு உதவவும் பழக்கிக்கொண்டதாக 1875இல் வெளியான தமது பயண நூலில் அவர் குறிப்பிட்டிருப்பதால், இத்தீவின் ஒளிப்படத் தொழிலில் தென்னிந்தியரின் பங்கு அதன் தொடக்க ஆண்டுகளிலேயே இருந்தமை தெரியவருகிறது. ஆயினும் அவர்கள் கையாண்ட ஈரத்தட்டு முறையில் பறவைக்கு இடமில்லை. கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்னும் பசைக்கரைசலைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம் பிடித்துக் கழுவியாக வேண்டிய அம்முறையில், ஒளி பல நொடிகள் தட்டின்மீது விழ வேண்டியிருந்தது. வெப்ப நாட்டில் தட்டு விரைந்து உலர்ந்ததால் இருட்டுக் கூடாரத்தையும் உடன் சுமந்து செல்ல நேர்ந்தது. எனவே கட்டடமும் மலையும், அசையாது அமர்ந்த மனிதரும் படத்தில் பதிந்தனர், பறவை பதியவில்லை.

ரிச்சர்ட் மேடாக்ஸ் 1871இல் அறிவித்த ஜெலட்டின் உலர்தட்டு இந்நிலையை மாற்றியது. முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளத்தக்கதாகவும், மேம்பட்ட வடிவில் நொடியின் சிறு பகுதியிலேயே ஒளியை ஏற்பதாகவும் அது இருந்ததால், இங்கிலாந்தில் ரிச்சர்ட், செர்ரி என்னும் கியர்ட்டன் உடன்பிறப்புகள் 1892இல் பறவைக் கூடுகளைப் படமெடுக்கத் தொடங்கி, முழுவதும் ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட பறவைக் கூட்டு நூலொன்றை 1895இல் வெளியிட்டனர். அக்கால லென்ஸ்கள் தொலைவிலுள்ள சிறு பறவையைப் பெரிதாக்கிக் காட்டப் போதியனவல்ல. ஆனால் கூட்டில் குஞ்சு ஓரிடத்தில் இருக்கும், தாய்ப்பறவையும் அதே கிளைக்குத் திரும்பத் திரும்ப வரும். ஆதலால், கூட்டுக்கருகே துணியாலோ தழையாலோ மறைவுக்குடில் அமைத்து அதனுள் காத்திருப்பதே பறவைப் படக்கலையின் முதன்மை முறையாயிற்று.

மலாயாவில் இம்முறை வேரூன்றச் சிறிது காலம் பிடித்தது. 1927 முதல் வெளிவந்த ஹெர்பர்ட் ராபின்சனின் மலாய்த் தீபகற்பப் பறவைத் தொகுதிகள், சுட்டுப் பதப்படுத்திய தோல்களையும் ஓவியங்களையும் சார்ந்திருந்தன. தோலாகப் பதப்படுத்தியதும் குஞ்சின் கண், கால், வாயோரம் ஆகியவற்றின் நிறம் மங்கிவிடுவதால், உயிருள்ள குஞ்சின் படம் ஆய்வாளருக்கும் பயன்தரத்தக்கதாக இருந்தது. 1940இல் மலாயா இயற்கைக் கழகம் தோன்றியது. கோலாலம்பூரில் பிறந்த திரைத்துறைத் தொழிலதிபர் லோக் வான் தோ, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியாவில் தங்கியபோது பறவையியலாளர் சாலிம் அலியுடன் நட்புப் பூண்டு, கூடுகளருகே காத்திருந்து எடுத்த படங்களுடன் 1957இல் தம் நூலை வெளியிட்டார்.

காலைப் பொழுது இக்கலைக்கு ஏற்றதாயிருப்பதற்கு ஒளி மட்டும் காரணமன்று. பினாங்கு வீட்டுத் தோட்டங்களில் செடிகளிடையே கூடு கட்டும், வாலடி மஞ்சளான சின்னானைக் காண்போமாயின், இரவெல்லாம் பசித்திருந்த குஞ்சுகளுக்கு விடிந்ததும் தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொணர்கின்றன. கிளை அசைந்தவுடன், கண் திறவாத குஞ்சும் கழுத்தை நீட்டிச் செவ்வாயை விரிக்கிறது. இரை ஊட்டிய பறவை, குஞ்சு வெளியேற்றும் எச்சத்தை, வெண்சவ்வு சூழ்ந்த சிறு பையாக அலகில் கவ்விச் சென்று தொலைவில் போடுகிறது. இக்காட்சிக்காக மறைப்பிலைகளை ஒதுக்கும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. அதனால் கூட்டில் நேர்வெயில் விழுந்ததோடு, காகமும் பாம்பும் அதனை எளிதில் கண்டுகொள்ள வழியும் ஏற்பட்டது.

பினாங்கின் இளவெயில் நெடுநேரம் நீடிப்பதில்லை. நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 5 பாகையளவில் இத்தீவு அமைந்திருப்பதால் கதிரவன் ஏறக்குறையச் செங்குத்தாக, மணிக்குச் சுமார் 15 பாகை உயர்கிறது. தாழ்ந்த கதிர் அடர்ந்த காற்றினூடே வருவதாலும் ஈரப்பதம் அதனைச் சிதறடிப்பதாலும் விளையும் மென்மை விரைவில் நீங்கி, வெண்சிறகு வெளிறவும் நிழல் கறுக்கவும் தொடங்கிவிடுகின்றன. 1982 சனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டதால், இங்கு ஞாயிறு ஏழு மணியை ஒட்டியே எழுகிறது. பழைய தட்டுகளுக்கு இவ்வொளி போதாமல் நண்பகலை நாட வேண்டியிருக்க, இன்றைய மின்னணு உணரி, அதாவது ஒளியை மின்குறியாக மாற்றும் தகடு, மங்கலிலும் விரைந்து பதிவதால் வைகறையே விரும்பப்படும் நேரமாயிற்று.

1999இல் மலேசியப் பறவை நோக்கர் லாரன்ஸ் போ, சிறிய டிஜிட்டல் கேமராவைத் தொலைநோக்கியின் கண்ணருகு லென்ஸில் பொருத்தித் தெளிவான படம் பெறலாம் எனத் தற்செயலாகக் கண்டறிந்தார். டிஜிஸ்கோப்பிங் எனப் பெயர்பெற்ற அம்முறையும், பின்னர்ப் பரவிய நீண்ட லென்ஸ்களும், செபராங் பிறையின் ஆயர் ஹீத்தாம் டாலாம் சதுப்புக் காட்டிலோ, தமிழர் தண்ணீர்மலை என வழங்கும் பகுதியிலுள்ள தாவரவியல் பூங்காவிலோ, கூட்டை விட்டுக் கிளைக்கு வந்து இரைக்குக் காத்திருக்கும் குஞ்சைத் தொலைவிலிருந்தே படமெடுக்க வழிவகுத்தன. முன்னோர் கூட்டை அணுகியமைக்குக் கருவியின் குறை காரணமாயிருந்தது. அவர்கள் படங்கள் குஞ்சின் வளர்ச்சி பற்றிய அறிவையும் வளர்த்தன. அக்குறை நீங்கிய இக்காலத்தில், இலையை விலக்கிக் கூட்டை நெருங்குபவருக்கு அந்த நியாயம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை.