புரோட்டோகால் பஃபர்ஸ்

புரோட்டோகால் பஃபர்ஸ் என்பது, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்ட தரவைப் பைட்டுகளாக மாற்றி அனுப்பவும் சேமிக்கவும் கூகுள் நிறுவனம் உருவாக்கிய முறை. சுருக்கமாகப் புரோட்டோபஃப் என்பார்கள். 2001 முதல் நிறுவனத்துக்குள் புழங்கிய இது, 2008 ஜூலையில் திறமூலமாக வெளிவந்தது. தரவு சிறுத்துவிடுகிறது, வேகமாகப் படிக்க முடிகிறது என்பதற்காகவே பலர் இதை எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதன் பெரிய சாதனை வேறு. தரவின் வடிவம் மாறிக்கொண்டே இருந்தாலும், முன்பு எழுதிய நிரல் உடையாமல் ஓடுகிறது.

தோற்றம்

கூகுளின் தேடல் அட்டவணைச் சர்வர்களுக்கு வரும் கேள்விகளையும் அவை தரும் பதில்களையும் கையாளவே இது முதலில் எழுதப்பட்டது. அதற்குமுன் பைட்டுகளைக் கோப்பதும் பிரிப்பதும் கையால் எழுதிய நிரலின் வேலை. வடிவம் மாறும்போதெல்லாம் ‘பதிப்பு இதுவானால் இப்படிப் படி, அதுவானால் அப்படிப் படி’ என்ற கிளைகள் நிரலில் பெருகின. ஆயிரக்கணக்கான சர்வர்களை ஒரே நொடியில் புதுப்பிக்க எவராலும் முடியாது. பழையதும் புதியதும் சில காலம் அருகருகே ஓடத்தான் வேண்டும். அந்த இடைக்காலத்தைத் தாங்குவதற்காகப் பிறந்தது புரோட்டோபஃப்.

அமைப்பு

தரவின் வடிவம் புரோட்டோ கோப்பில் எழுதப்படுகிறது. அதில் வரும் ஒவ்வொரு கட்டுக்கும் மெசேஜ் என்று பெயர். மெசேஜுக்குள் புலங்கள் இருக்கும். ஒரு புலமே இன்னொரு மெசேஜாகவும் இருக்கலாம். ஒவ்வொரு புலத்துக்கும் வகை, பெயர், எண் மூன்றும் உண்டு. புரோட்டாக் என்னும் தொகுப்பி இந்தக் கோப்பைப் படித்து சி பிளஸ் பிளஸ், ஜாவா, பைதான் முதலிய மொழிகளில் நிரலை உருவாக்கித் தருகிறது.

பைட்டுகளில் புலத்தின் பெயர் போவதில்லை, எண் மட்டுமே போகிறது. நிலம் கைமாறிப் பெயர் மாறினாலும் சர்வே எண் நிற்பதுபோல, இங்கே எண்தான் அடையாளம். எண்ணை 8ஆல் பெருக்கி, வகைக் குறியைக் கூட்டினால் கிடைப்பது புலத்தின் தலைப்பு. ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட், அடுத்த பைட் உண்டா என்று சொல்லப் போய்விடும். அதனால் 1 முதல் 15 வரையான எண்களுக்குத் தலைப்பு ஒரே பைட்டில் அடங்கும். 16 முதல் 2047 வரை இரண்டு பைட் ஆகும். அடிக்கடி வரும் புலங்களுக்குச் சிறிய எண்ணைக் கொடுப்பது நிரலாளர்களின் வழக்கம்.

புதிய தரவைப் பழைய நிரல் படிக்கும் விதம்

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பேருந்து, ரயில் நகர்வை உடனுக்குடன் அறிவிக்க 2011இல் வெளிவந்த ஜிடிஎஃப்எஸ் ரியல்டைம் என்னும் பொதுத் தரம் புரோட்டோபஃபில் எழுதப்பட்டது. வெளியே ஊட்ட மெசேஜ், அதற்குள் பதிவுகள், பதிவுக்குள் வண்டி, வண்டிக்குள் இருப்பிடம், இருப்பிடத்துக்குள் அட்சரேகையும் தீர்க்கரேகையும். வண்டி மெசேஜில் 9ஆம் எண் புலம் கூட்ட நெரிசலைக் குறிக்கிறது. 48 03 என்று பதினாறடிமானத்தில் இரண்டு பைட் வந்தால், ‘நிற்க மட்டும் இடமுண்டு’ என்று பொருள். 48 என்பது பதின்மத்தில் 72, அதாவது 9 பெருக்கல் 8. வகைக் குறி 0 என்பதால் கூட்ட ஒன்றுமில்லை. 03 என்பது மதிப்பு.

9ஆம் எண்ணைக் கேள்விப்படாத பழைய செயலியிடம் இதே பைட்டுகள் போனால் என்ன ஆகும்? வகைக் குறியைப் பார்த்தே, இந்த மதிப்பு எங்கே முடிகிறது என்று அது கண்டுகொள்ளும். தாண்டிவிட்டு அடுத்த புலத்துக்குப் போகும். உள்ளே அடுக்கிய மெசேஜ்களுக்கு இது இன்னும் எளிது. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதப்பட்டிருப்பதால், எவ்வளவு ஆழமான அடுக்கையும் திறந்து பார்க்காமலே ஒரே தாவலில் தாண்டலாம். திறந்து படிக்கும்போது ஆழத்துக்கு வரம்பு உண்டு. சி பிளஸ் பிளஸ், ஜாவா நூலகங்களில் இயல்பான வரம்பு 100 அடுக்கு.

தாண்டிய புலத்தைத் தூக்கி எறிவதா, வைத்திருப்பதா என்பது அடுத்த கேள்வி. 2008இல் வெளிவந்த புரோட்டோ2 என்னும் வடிவம் வைத்திருந்தது. இடையில் நிற்கும் ஒரு சர்வர், தனக்குப் புரியாத புலத்தையும் அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துவிடும். 2016இல் வந்த புரோட்டோ3 எறியத் தொடங்கியது. வாங்கிக் கொடுக்கும் வேலையை மட்டும் செய்யும் சர்வர்கள் சத்தமில்லாமல் தரவைத் தொலைத்தன. வடிவமைப்பில் நேர்ந்த தவறான முடிவு என்றே இதைச் சொல்ல வேண்டும். 2017இல் 3.5ஆம் பதிப்பில் பழைய வழக்கம் திரும்பியது.

கட்டாயப் புலம்

புரோட்டோ2வில் ஒரு புலத்தைக் கட்டாயம் என்று குறிக்கலாம். கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடுதான். நடைமுறையில் இதைப்போல் தொல்லை கொடுத்தது வேறில்லை. ஒருமுறை கட்டாயம் என்று எழுதிவிட்டால் பிறகு நீக்க முடியாது. எங்கோ ஓடும் பழைய நிரல் அதை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும். அடுக்குகள் கூடக்கூட விளைவும் பெரிதாகும். ஜிடிஎஃப்எஸ் ரியல்டைமில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கட்டாயப் புலங்கள். நூற்றுக்கணக்கான வண்டிகளில் ஒரே ஒரு வண்டிக்குத் தீர்க்கரேகை விட்டுப்போனாலும், இயல்பான வாசிப்பில் முழு ஊட்டமும் நிராகரிக்கப்படும். புரோட்டோ3 கட்டாயத்தையே ஒழித்தது. எது தேவை என்று சரிபார்ப்பதை நிரலாளரிடம் விட்டது.

அந்தத் துப்புரவு சற்று அதிகமாகவே போய்விட்டது. எண் போன்ற எளிய புலங்கள் சுழியமாக இருந்தால் புரோட்டோ3 அவற்றை எழுதாது. வண்டியின் வேகம் 0 என்பதற்கும், வேகம் சொல்லப்படவே இல்லை என்பதற்கும் அதில் வேறுபாடு தெரியாது. நிற்கும் பேருந்தும் கருவி பழுதான பேருந்தும் ஒன்றாகிவிடும். விருப்பப் புலம் என்ற குறிப்பு 2021இல் 3.15ஆம் பதிப்பில் முழுமையாகத் திரும்பிய பிறகே இது தீர்ந்தது.

மாற்றும்போது காக்க வேண்டியவை

முதல் விதி, பயன்படுத்திய எண்ணை வேறு புலத்துக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பழைய தரவைப் புதிய நிரல் தப்பான பொருளில் படிக்கும்; பிழை எதுவும் காட்டாமல் படிக்கும் என்பதுதான் ஆபத்து. நீக்கிய எண்ணையும் பெயரையும் ஒதுக்கப்பட்டவை என்று கோப்பிலேயே எழுதிவிட்டால், தொகுப்பியே தடுத்துவிடும்.

வகை மாற்றத்தில் சில வழிகள் திறந்திருக்கின்றன. 32 பிட் முழு எண்ணை 64 பிட் ஆக்கலாம். பழைய நிரல் பெரிய எண்ணைக் கண்டால் வெட்டிவிடும், அவ்வளவுதான். ஆனால் எதிர்ம எண்களுக்கென உள்ள ஜிக்ஜாக் வகைக்கு மாற்றினால் மதிப்புகளே மாறிப்போகும். பெயரை மாற்றுவது பைட்டுகளைத் தொடாது. அதே மெசேஜை ஜேசன் வடிவில் அனுப்புகிறவர்களுக்கு மட்டும் பெயர் மாற்றம் உடைப்பையே தரும், ஏனெனில் அங்கே போவது பெயர்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஒரே மெசேஜ் எப்போதும் ஒரே பைட் வரிசையாக எழுதப்படும் என்ற உறுதி கிடையாது. அதனால் பைட்டுகளின் ஹாஷ் மதிப்பை வைத்து இரண்டு மெசேஜ்கள் சமமா இல்லையா என்று முடிவுசெய்வது சரியல்ல.

பிற முறைகள்

ஃபேஸ்புக் 2007இல் வெளியிட்ட திரிஃப்ட்டும் புலங்களை எண்ணால்தான் அடையாளம் காண்கிறது. 2009இல் வந்த ஆவ்ரோ வேறு வழியில் போகிறது. எழுதியவரின் வடிவ வரையறையையும் வாசிப்பவரின் வரையறையையும் பெயரால் ஒப்பிட்டு ஆவ்ரோ படிக்கிறது. பெரிய கோப்புகளுக்கு இது பொருந்தும், ஏனெனில் வரையறையைக் கோப்பின் தலையில் ஒருமுறை எழுதினால் போதும். புரோட்டோ2வை எழுதி வெளியிட்ட கென்டன் வார்டா, 2013இல் கேப்'ன் புரோட்டோ என்னும் மாற்று முறையை வெளியிட்டார்.

புரோட்டோ2, புரோட்டோ3 என்ற பிரிவுக்குப் பதிலாக, ஆண்டைப் பெயராகக் கொண்ட பதிப்புகள் இப்போது வருகின்றன. முதலாவதான 2023 பதிப்பில், மதிப்பு சொல்லப்பட்டதா இல்லையா என்பது இயல்பாகவே பதிவாகிறது. கட்டாயப் புலம் இன்றும் எழுதக் கிடைக்கிறது, ஆனால் ‘மரபுக் கட்டாயம்’ என்ற குறிப்போடு மட்டுமே.