வாக்கு வந்த வழி

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் எமது சங்கத்தை அமைத்த மூத்த சகோதரிகள் தலைவியைத் தெரிவுசெய்தார்கள். கணக்கறிக்கையை ஆராய்ந்து நிறைவேற்றினார்கள். நாட்டின் சட்டசபைக்கு ஒருவரைத் தெரிவுசெய்யும் உரிமை மட்டும் அவர்களுள் எவருக்கும் இருக்கவில்லை. அவ்வுரிமை வந்த வழியை இம்மலரில் பதிவுசெய்வது எமது கடமை எனக் கருதுகிறோம்.

1927இல் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோன்றி, டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தது. தோட்டங்களில் உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா எனக் கேட்கப்பட்டபோது, அவர்களும் பெண்களே என்ற கருத்தில் அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வா விடையளித்தார். மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், பெண்களுக்கு வாக்களிப்பதை எதிர்த்தார். கல்வியை மனமுவந்து கொடுத்த பெரியோரும் அதிகாரத்தைப் பகிரத் தயங்கினர் என்பதற்கு இது சான்று. ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதைச் சிபாரிசு செய்தபோதும், 1931இல் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமை கிடைத்தது.

கிடைத்த உரிமை எல்லோருக்கும் ஒரேவிதமாகப் பயன்படவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பினால் வடக்கின் நான்கு ஆசனங்கள் வெறுமையாயின. அவை 1934இலேயே நிரப்பப்பட்டன. தோட்டப் பெண்களுள் மிகப் பெரும்பாலானோர் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர்.

சபைக்குள் பெண்கள் நுழைந்த வாசலையும் நாம் கவனிக்க வேண்டும். 1931இல் தந்தையின் மறைவால் வெற்றிடமான ருவன்வெல்லவில் அடலின் மொலமுறே வென்றார். கணவர் தேர்தல் வழக்கில் ஆசனமிழந்தபின் 1932இல் நேசம் சரவணமுத்து கொழும்பு வடக்கில் வென்றார். 1959இல் கணவர் கொலையுண்டபின் 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதற் பெண் பிரதமரானார். கணவரைக் கொலைக்குப் பறிகொடுத்த சரோஜினி யோகேஸ்வரன் 1998இல் யாழ். மாநகர முதல்வரானார், சில மாதங்களில் அவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவர்களின் ஆற்றலை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. நேசம் அவர்கள் 1936இலும் வென்று, 1941இல் மறையும்வரை உறுப்பினராயிருந்தார். ஆனால், குடும்பத்து ஆணின் இடம் வெறுமையானபோதே பெண்ணுக்கு வாசல் திறந்தது என்பது எமது அரசியலின் குறைபாடாகும்.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் நடைமுறைக்கு வந்த 25 சதவீத ஒதுக்கீடு வேறொரு வாசலைத் திறந்தது. வீதி, வடிகால், சந்தை, நூலகம் பற்றித் தீர்மானிக்கும் சபைகளில் முன்பு நூற்றுக்கு இருவர்கூட இல்லாத பெண்கள் பெருந்தொகையாக அமர்ந்தனர். பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களிலோ பத்தில் ஒரு பங்கைப் பெண்கள் இன்னும் எட்டவில்லை.

மாணவர் மன்றத்திலும் இச்சங்கத்திலும் கூட்டம் நடத்தவும், மாற்றுக் கருத்தை எழுந்து சொல்லவும், பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்கவும் நாம் பழகியுள்ளோம். பிரதேச சபைக்கு வேண்டியதும் இப்பயிற்சியே. எமது தங்கைமார் எவருடைய வெற்றிடத்தையும் நிரப்பக் காத்திராமல், தமது பெயரிலேயே வேட்புமனுத் தாக்கல் செய்ய முன்வர வேண்டும். அவர்களுக்காக வாக்குக் கேட்டு வீடுவீடாகச் செல்வது எமது பொறுப்பாகட்டும்.